பினாங்கில் பேசாதவர்கள் கூட்டம்

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது ஆறு பேரை. பெற்றது நாலு; மற்ற இரண்டும் என் ஓரகத்தி கண்ணை மூடிய பிறகு என் கைக்கு வந்தவை. ஆறில் எது யாருடையது என்று மரக்காணத்தில் இன்றைக்கும் பலருக்குத் தெரியாது. அதில் எனக்குப் பெருமைதான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்தை ஒவ்வொன்றாக வைத்துத்தான் எழுதுவேன். மூன்று நாள் பார்த்ததை எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. ஆகட்டும். எங்கள் தெருவில் விமானம் ஏறிய பொம்பளை நான் ஒருத்திதான். அவசரப்பட்டு யாரை முந்தப் போகிறேன்?

ஆறு பேரில் கடைசி அமுதா. வயது முப்பத்துமூன்று. கிராபிக் டிசைனர். அரிசிப் பை, பேக்கரி டப்பா, மசாலாப் பாக்கெட் என்று கடையில் எதை எடுத்தாலும் அதன் உறையை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து வரைந்திருப்பார் இல்லையா, அந்த ஒருத்தர் இவள். கை ஓடும், வாய் ஓடாது. போன் அடித்தால் அது அடித்து ஓயும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஓய்ந்ததும் ‘சொல்லுங்க’ என்று மெசேஜ் அனுப்புவாள்.

புதுச்சேரியில் ஒரு அச்சகக்காரர் எட்டு வருடமாக இவளுக்கு வேலை கொடுத்துவந்தார். அவருக்கு உடம்பு தள்ளாமல் போய், அச்சகத்தை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். அவரை விட்டால் இவளுக்கு வேறு ஓர் ஆளைத் தெரியாது. ஐந்து மாதம் கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தி வைத்திருந்தாள். என் பெரிய மகன் செல்வம் திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை பார்த்துவைத்தான். ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

அந்த நேரத்தில்தான் மலேசியாவில் பினாங்கிலிருந்து கடிதாசு வந்தது. வாய் திறக்கக் கூச்சப்படுகிற டிசைனர்கள் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்துகொள்ள மூன்று நாள் கூட்டமாம். இவள் எப்போதோ அனுப்பிய படத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார்கள். அறை அவர்களே தருவார்களாம், துணைக்கு ஒருவர் வரலாமாம்.

“ஒரே ஒரு ஆளாவது வேலை தர்றேன்னு சொல்லணும்மா,” என்றாள் அமுதா. “இல்லன்னா கம்ப்யூட்டரை வித்துட்டு ஒண்ணாந்தேதி கடைக்குப் போயிடறேன்.”

“யார்றீ தொணை?”

“அண்ணன் வந்தா நிறுத்தாம பேசும். நீ வா.”

நான் மட்டும் என்னமோ ஊமை என்கிற மாதிரி சொன்னாள். வாய்ப்பை விடுவேனா, சரி என்றேன்.

வெறுங்கையோடு அடுத்தவர் வாசல் மிதிக்கக் கூடாது. அமுதா படம் போட்ட கல்லுப்புப் பாக்கெட், உள்ளங்கை அளவுதான், முப்பது எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். பினாங்கில் இறங்கியதும் அந்தப் பைதான் சோதனையில் மாட்டியது. முக்காடு போட்ட ஒரு அதிகாரிப் பெண் ஒரு பாக்கெட்டைப் பிரித்து, மூக்கருகில் வைத்து, என்னைப் பார்த்தாள். நான் ஒரு கல்லை எடுத்து என் வாயில் போட்டுக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு ஏதோ கேட்டாள். அமுதா தரையைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொன்னாள்: “இங்கயும் கடல் இருக்குதே, உப்பு எதுக்குன்னு கேக்கறாங்க.”

“எங்க கடல் உப்பைத் தின்னு பாத்துட்டு அப்பறம் கேக்கச் சொல்லு.”

அமுதா அதை மொழிபெயர்க்கவில்லை.

கடல் என்றால் அங்கே கடல் சத்தமே போடவில்லை. ஏரி மாதிரி கிடக்கிறது. எங்கள் கரையில் ஒரு அலை வந்தால் பக்கத்தில் நிற்கிறவன் பேச்சு கேட்காது. கடலே இப்படி அடங்கிக் கிடக்கிற ஊரில் பேசாதவர்களுக்குக் கூட்டம் போட்டது பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் நாசி கண்டார் என்று ஒரு சோறு. தட்டில் சோற்றைக் கொட்டி, கோழிக் குழம்பு, அதன் தலையில் மீன் குழம்பு, அதன் தலையில் ஆட்டுக்கறிக் குழம்பு என்று ஊற்றிக்கொண்டே போகிறான். எங்கள் வீட்டில் ஒரு குழம்பு இன்னொரு குழம்பைத் தொட்டால் மருமகள்களுக்குள் பஞ்சாயத்து வந்துவிடும். இங்கே எல்லாம் சம்பந்தி ஆகிவிட்டன. ருசியோ, சொல்லவே வேண்டாம். உப்புதான் ஒரு மாத்துக் குறைவு. கேட்டால் கறுப்பாக ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினான். நான் பையிலிருந்து அந்த அதிகாரிப் பெண் பிரித்த பாக்கெட்டை எடுத்தேன். பக்கத்து மேசை தமிழ்க்காரர் பார்த்துக்கொண்டே இருந்து, “அம்மா, எனக்கும் ரெண்டு கல்லு போடுங்க லா,” என்றார் அந்த ஊர் இழுப்போடு. அவர் தட்டு ஓரத்தில் வைத்தேன். இருபத்தொன்பது மிச்சம்.

சாயங்காலம் கூட்டம் ஆரம்பம். துறைமுகத்துப் பக்கம் பழைய கிடங்கு ஒன்றை வெள்ளையடித்து மண்டபமாக்கியிருந்தார்கள். வாசலில் மேசை, அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வட்ட வட்டமாக ஒட்டுகிற காகிதம். ஆளாளுக்கு ஒன்றை எடுத்துச் சட்டையில் ஒட்டிக்கொண்டார்கள். பச்சையும் மஞ்சளும் தீர்ந்துகொண்டிருந்தன. சிவப்பு அப்படியே கிடந்தது. குங்கும நிறத்தை விட்டுவிட்டு இலை நிறத்தையும் சருகு நிறத்தையும் போய் எடுக்கிறார்களே என்று எனக்கு அங்கலாய்ப்பு. நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறோம். சிவப்பில் ஒன்று எடுத்து அமுதாவின் துப்பட்டா ஓரத்தில் ஒட்டினேன். ஒன்று எனக்கு.

உள்ளே போனால் நூறு பேர் இருப்பார்கள். எழவு வீட்டில்கூட அதைவிடச் சத்தம் இருக்கும். எல்லோரும் காப்பிக் குவளைக்குள் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்பை மூன்றாம் தரம் படித்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் செடியோடு நின்றாள். பாவம், செடி பிளாஸ்டிக்.

எங்கள் பக்கம் மட்டும் ஒருத்தர் வரவில்லை. இரண்டு பேர் வரப் பார்த்து, சட்டென்று திரும்பிவிட்டார்கள். நான் சேலையை முகர்ந்துகூடப் பார்த்தேன். கோட்டும் டையும் போட்டு ஒருவர் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார். முகம் நம்ம ஊர் முகம். இவர்தான் முதலாளி என்று முடிவு கட்டிக் கூப்பிட்டு உட்காரவைத்து, அமுதா எட்டு வயதில் சுவரில் கரியால் மாடு வரைந்ததிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அம்மா, என் பேரு குணா. நான் இங்க காப்பி குடுக்கிற ஆளு,” என்றார் கடைசியில். “ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பச்சை ஒட்டுனா வந்து பேசுங்கன்னு அர்த்தம். மஞ்சள்னா தெரிஞ்சவங்க மட்டும். சிவப்புன்னா, கிட்டயே வராதீங்கன்னு அர்த்தம். நீங்க ரெண்டு பேரும் அதான் ஒட்டியிருக்கீங்க.”

எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றின மாதிரி ஆனது. அமுதாவிடம் ஓடினேன்.

“ஏய், அந்த மேசையிலயே இங்கிலீஷ்ல எழுதியிருந்திச்சாமே, நீ படிக்கலையா?”

“படிச்சேன்.”

“அப்பறம் இன்னாத்துக்கு நான் ஒட்டறப்போ சும்மா இருந்தே?”

“நீதானேம்மா ஒட்டினே.” துப்பட்டாவிலிருந்த சிவப்பு வட்டத்தைத் தடவிக்கொண்டே, “யாரும் கிட்ட வரலை, நல்லா இருந்திச்சு,” என்றாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை நான் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது தண்டனையாகவே தெரியவில்லை, நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இரண்டாம் நாள், பச்சையை முதல் ஆளாகப் போய் எடுக்க வேண்டும் என்று விடிந்ததும் அமுதாவைக் கிளப்பினேன். அங்கே பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. ஒரு பெட்டியில் காசைப் போட்டுவிட்டு அவரவர் உட்கார்ந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் கிளியனூர் பஸ்ஸில் “உள்ள போ, உள்ள போ” என்று ஒருவர் கத்தினால்தான் நான் பஸ் ஏறியதாகவே நம்புவேன். இங்கே கத்தவும் ஆளில்லை, எங்கே இறங்குவது என்று சொல்லவும் ஆளில்லை. டிரைவரைக் கேட்கச் சொன்னால் அமுதா போனில் வரைபடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள், இறங்கினோம். எல்லோரும் ஒரு பாலத்தின் மேல் நடந்தார்கள், நடந்தோம். பெரிய கூடம் மாதிரி ஒன்றில் எல்லோரும் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தோம். கூடம் நகர்ந்தது.

“அமுதா, கட்டடம் போவுது.”

“கப்பல்மா இது.”

தீவிலிருந்து எதிர்க்கரைக்குப் போகிற படகு. அவளுக்கு அப்போதுதான் முகம் வெளுத்தது. எனக்கோ சிரிப்பு அடக்க முடியவில்லை. எதிரே ஒரு சீனத்து அம்மாள், என் வயதிருக்கும், கூடை நிறைய கீரையோடு உட்கார்ந்திருந்தாள். நான் ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமலே அவளும் சிரித்தாள். அவள் ஒரு கட்டுக் கீரையைக் காட்டி ஏதோ சொன்னாள். அதைப் பூண்டு தட்டிப் போட்டு வதக்க வேண்டும் என்று நான் கையால் காட்டினேன். அவள் இல்லை இல்லை என்று தலையாட்டி வேறு மாதிரி காட்டினாள். கரை வரும்வரைக்கும் ஒரே சண்டை. ஒரு வார்த்தை புரியவில்லை, ஒரு விஷயமும் விட்டுப்போகவில்லை. அமுதா அதையெல்லாம் நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள்.

திரும்பிக் கிடங்குக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. பச்சை தீர்ந்துபோய் மஞ்சள்தான் கிடைத்தது. பாதி நாள் போய்விட்டதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் உப்பளத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிறபோது முன்னால் போய் நிற்கிறவளுக்குத்தான் கூடை கிடைக்கும். நான் நாற்பது வருடம் முன்னால் நின்றவள். ஆகையால் அமுதாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒவ்வொருத்தராகப் போனேன். “ஐயா, இது என் பொண்ணு. நல்லா படம் போடும்.” தாடிக்காரர் ஒருவர் பின்னாலேயே நகர்ந்து போய்ச் சுவரில் முட்டினார். ஒரு பெண் கும்பிட்டுவிட்டு ஓடினாள். ஆறாவது ஆளிடம் பேசிவிட்டுத் திரும்பினால் என் கையில் அமுதாவின் மணிக்கட்டு இல்லை.

பாத்ரூமில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வெளியே நின்று தட்டினேன்.

“வெளிய வாடி.”

“வரலை.”

“வேலை கிடைக்கணும்னு சொன்னது நீதானே?”

“நீ பேசினா அவங்க உன்னைத்தான்மா ஞாபகம் வச்சிப்பாங்க. என்னை இல்ல.” தாழ்ப்பாளை இன்னும் இறுக்குகிற சத்தம் கேட்டது. “நாளைக்கு ஒரு நாள்தான் இருக்குது. அந்த ஒரு நாள் நீ வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்.”

எனக்கு ஆறு பிள்ளை. அதில் ஒன்றும் என்னை இப்படிச் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. சுவரில் முட்டிய தாடிக்காரர் சாகும்வரை என்னை மறக்க மாட்டார்.

“சரி,” என்றேன். “தொறக்கலை.”

சாயங்காலம் அவளே என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தாள். துருவின ஐஸுக்குள்ளே பயறும் மக்காச்சோளமும். சுண்டலைக் கொண்டுபோய் ஐஸில் போட்ட புண்ணியவான் யாரோ தெரியவில்லை. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் ஆளுக்கொரு மேசை கொடுத்தார்கள், செய்த வேலையைப் பரப்பிவைக்க. மற்றவர்களெல்லாம் பளபளவென்று கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தார்கள். அமுதா நோட்டையும் தன் பெயர் அடித்த கார்டுகளையும் வைத்தாள். மேசை காலியாகத் தெரிந்தது. என் பையைப் பார்த்தாள். நான் பேசாமல் எடுத்துக் கொடுத்தேன். இருபத்தொன்பது உப்புப் பாக்கெட்டையும் வரிசையாக அடுக்கினாள். உறையில் கூடை சுமந்து போகிற பெண்களை முதுகுப் பக்கமிருந்து வரைந்திருப்பாள். முகம் இருக்காது. நடையைப் பார்த்தே இது இன்னார் என்று எங்கள் தெருவில் சொல்லிவிடுவார்கள்.

ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. நான் மூலையில் நாற்காலி போட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பச்சை வட்டம் ஒட்டிய ஒரு ஒல்லிப் பையன், தாய்லாந்துக்காரன் என்று பிறகு தெரிந்தது, வந்து நின்றான். உறையைப் பார்த்தான். கையை நீட்டினான். அமுதா ஒரு பாக்கெட்டை எடுத்து அவன் கையில் வைக்கப் போனாள்.

உப்பைக் கைக்குக் கை கொடுக்கிறதாவது. கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் சண்டை வந்துவிடும். உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா, பதற்றத்தில் மறந்துவிட்டாள். நான் வாய் திறக்கக் கூடாது. பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்து, பாக்கெட்டைப் பிடுங்கி, மேசையில் வைத்தேன். நாற்காலி சாய்ந்து பெருஞ்சத்தம். மண்டபம் முழுக்கத் திரும்பியது. அந்தப் பையன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான், திருடன் போலீசைப் பார்த்த மாதிரி.

நூறு பேரும் அமுதாவைப் பார்க்கிறார்கள். நான் ஒன்றும் சொல்ல முடியாது. அவள்தான் சொல்லியாக வேண்டும். காது வரைக்கும் சிவந்து, இங்கிலீஷில் ஆரம்பித்தாள். நான் பார்க்க அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பிற்பாடு எனக்குச் சொன்னாள்: “எங்க ஊர்ல உப்பைக் கையில குடுக்க மாட்டோம். கீழ வச்சிட்டு ஒரு அடி தள்ளி நிப்போம். நீங்களா எடுத்துக்கணும். அப்பதான் நமக்குள்ள சண்டை வராது.”

சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் போனாள்.

பையன் கையை இறக்கினான். மேசையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவள் விட்ட இடத்தைப் பார்த்தான். முகத்தில் வெளிச்சம் வந்தது. “கைகுலுக்க வேண்டாமா?” என்று கேட்டானாம். “வேண்டாம்.” “கண்ணைப் பார்க்க வேண்டாமா?” “வேண்டாம்.” பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, தன் கார்டை அதே இடத்தில் வைத்துவிட்டு, பெரிய மரியாதையாக ஒரு அடி தள்ளி நின்றான். இவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு உறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள், மேசையைப் பார்த்துக்கொண்டேதான்.

அவன் போய்ச் செடிக்காரியிடம் சொன்னான். செடிக்காரி வந்தாள், இவள் திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். தீயணைப்புக் குறிப்புக்காரன் வந்தான். தாடிக்காரர்கூட, என்னை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, வந்தார். ஐந்தாம் ஆளுக்குச் சொல்லும்போது அமுதாவுக்கு வார்த்தை தடுக்கவில்லை. எட்டாம் ஆளுக்குச் சொல்லும்போது கையையெல்லாம் ஆட்டினாள். அரை மணியில் மற்ற மேசைகளிலும் பார்த்தால், கார்டை வைக்கிறான், ஒரு அடி தள்ளி நிற்கிறான். அவள் எடுக்கிறாள், இவன் தலையாட்டுகிறான். மண்டபம் முழுக்க முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி. கும்மி ஆடுகிற மாதிரி இருந்தது. காப்பிக்கார குணா தட்டைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நான் வாயைத் திறக்காமல் சிரித்ததில் விலா வலித்தது.

ஆனால் சிரிப்பு வேறு, வேலை வேறு. இருபது பேர் கார்டு வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாம் இவளைப் போலவே வேலை தேடுகிறவர்கள். சாயங்காலம் மேசைகளை மடக்க ஆரம்பித்தார்கள். அமுதா கார்டுகளை ரப்பர் போட்டுக் கட்டினாள். “பரவாயில்லம்மா, நல்லா இருந்திச்சு,” என்றாள். அவள் துணிக்கடைக்கு மனசைத் தயார் செய்துகொண்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. சொன்ன சொல்லுக்காக அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு சீனத்துப் பெண், ஐம்பது வயதிருக்கும், மத்தியானத்திலிருந்து மூன்று முறை வந்து உறையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருந்தாள். இப்போது நாலாம் முறை வந்தாள். பாக்கெட்டைத் தொடவில்லை. ஒரு காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். அமுதா எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் வந்து, உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

“என் பெயர் மெய் லிங். ஈப்போ ஊரில் தின்பண்டங்களுக்கு உறை செய்கிற நிறுவனம் நடத்துகிறேன். இந்தப் பெண்களுக்கு முகமில்லை, ஆனாலும் ஒவ்வொருத்தரும் வேறு ஆள் என்று தெரிகிறது. எனக்குக் கருவாட்டுக்கும் சோயாவுக்கும் இப்படி வரைய ஆள் வேண்டும். ஒரு வருடத்துக்கு வேலை இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. எனக்குப் போனில் பேசப் பிடிக்காது. நான் உங்களுக்குப் போன் செய்ய மாட்டேன். நீங்களும் தயவுசெய்து செய்யாதீர்கள்.”

அமுதா சிரித்தாள். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து, மேசை மடக்குகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. அந்தம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அமுதா அந்தக் காகிதத்தின் கீழே ‘சம்மதம்’ என்று இங்கிலீஷில் எழுதி மேசையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் செல்வம் கேட்டான்: “ஒண்ணாந்தேதி எட்டு மணி பஸ்ஸுக்குப் போயிடலாம் இல்ல? கடைக்காரர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்.”

“வேலை கிடைச்சிடுச்சுண்ணா. நான் வரலை.”

“அத நான் எப்பிடிச் சொல்றது? எனக்கு மொகம் இல்ல. நீயே சொல்லிக்க.”

மெசேஜ் அனுப்பப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அண்ணன் கையிலிருந்து போனை வாங்கினாள், கடைக்காரர் நம்பரைத் தட்டினாள், காதில் வைத்தாள். அடுப்பங்கரையிலிருந்து நான் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன்.

“வணக்கம் சார், நான் மரக்காணம் அமுதா பேசறேன். பில் போடற வேலைக்கு அண்ணன் சொல்லியிருந்தாரே, அந்த அமுதா. மன்னிச்சுக்குங்க சார், என்னால வர முடியாது. எனக்கு என் வேலையே கிடைச்சிடுச்சு.” கொஞ்சம் கேட்டுக்கொண்டாள். “ஆமா சார். படம் போடற வேலைதான். உங்க கடைத் துணிப்பைக்கா? சரி சார், நாளைக்குப் பேசறேன்.”

போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போய் கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை எடுத்து உதறினாள்.

இவ்வளவுதான். தாரணி, செல்வம் பெண்ணே, எட்டாம் வகுப்புப் படிக்கிறவளே, இங்கே வா. ஆயா எழுதினது சரியாக இருக்கிறதா என்று முதலிலிருந்து படித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் மனசுக்குள் திருத்திக்கொள், வாய் விட்டுச் சொல்லாதே. கப்பல் வருகிற இடத்தை மட்டும் இரண்டு தரம் படி.